ஒரு களத்தில் இரண்டு ஆட்டம்

மலாய் மொழியில் 'மேடான்' என்ற சொல்லுக்குத் திடல், திறந்தவெளி என்பது பொருள். அரபிலும் பாரசீகத்திலும் 'மைதான்' என வழங்கும் சொல்லே மலாயில் மேடான் ஆயிற்று. தமிழில் அதுவே மைதானம் ஆயிற்று. ஆகவே, பெட்டாலிங் ஜெயாவின் தென்புறத்தில் பழைய கிள்ளான் சாலையை அடுத்துக் கிடக்கும் கம்போங் மேடானை 'மைதானத்தூர்' என்று நம் மொழியில் பெயர்த்துரைத்தால் அது பெரும் பிழையாகாது. அவ்வூரில் இன்று கண்ணிற் படுவனவோ நெருங்கி நிற்கும் அடுக்குமாடிகளும், அவற்றின் அடியில் இடைவெளியின்றி நிறுத்தப்பட்ட வண்டிகளுமே. பெயரில் திடலை வைத்துக்கொண்டு வாழ்வில் திடலுக்கு ஏங்கும் ஊர்கள் கிள்ளான் பள்ளத்தாக்கில் இன்னும் பல உள. இடம் குறைந்தவிடத்தில் இருக்கும் சிறு களத்தை எவர் ஆள்வது என்ற கேள்வி விளையாட்டுக் கேள்வியாக நிற்பதில்லை.

அக்கேள்வி இப்போது புதியதோர் உருவில் எழுந்துள்ளது. பிக்கல்பால் என்னும் ஆட்டம் 2023க்குப் பின் நம் நாட்டில் மிக விரைவாகப் பரவியது. டென்னிஸ் களங்களின் மேல் அதன் கோடுகள் ஏறின. பூப்பந்து மண்டபங்கள் சில அதற்கு மாறின. வாகன நிறுத்துமிடங்களிலும் அங்காடிகளின் வெற்றுத் தளங்களிலும் களங்கள் முளைத்தன. "நேற்று வந்தவர்கள் எங்கள் இடத்தைப் பறிக்கின்றனர்" என்பது டென்னிஸ் ஆடுவோரின் முறையீடு. "நால்வர் ஆடும் இடத்தில் பதினாறு பேர் ஆடலாமே" என்பது மற்றவரின் மறுமொழி. இவ்வழக்கில் இருதரப்பாரும் எடுத்துப் பார்க்காத ஏடு ஒன்று உண்டு. அது டென்னிஸ் ஆட்டத்தின் சொந்த வரலாறு.

விம்பிள்டன் என்றவுடன் உலகம் டென்னிசை நினைக்கிறது. ஆனால் 1868இல் இங்கிலாந்தில் அக்கழகத்தைத் தோற்றுவித்தவர்கள் டென்னிஸ் ஆட்டத்தை அறியாதவர்கள். அவர்கள் ஆடியது குரோக்கே. மரச் சுத்தியால் பந்தை உருட்டி, தரையில் நட்ட கம்பி வளைவுகளுக்குள் செலுத்தும் நிதானமான ஆட்டம். கழகத்தின் பெயரே அனைத்து இங்கிலாந்துக் குரோக்கே கழகம் என்பதுதான். வோர்ப்பிள் சாலையில் நாலு ஏக்கர் நிலத்தை வாடகைக்கு எடுத்து, புல் வளர்த்து, நீர் பாய்ச்சி, உருளையிட்டுச் சமன் செய்தனர். 1874இல் விங்ஃபீல்டு என்ற படை அதிகாரி புல்தரை டென்னிசுக்குக் காப்புரிமை பெற்று, வலையும் மட்டையும் பந்தும் அடங்கிய பெட்டிகளை விற்கத் தொடங்கினார். அவர் வகுத்த களம் நீள்சதுரமன்று. நடுவில் ஒடுங்கி இருபுறமும் விரிந்த மணற்கடிகை வடிவினது. அடுத்த ஆண்டே குரோக்கே கழகத்தார் தங்கள் புல்தரைகளுள் ஒன்றைப் புதிய ஆட்டத்திற்கு ஒதுக்கினர். 'ஒன்றே ஒன்றுதானே' என்று அன்று எவரேனும் சொல்லியிருக்கக் கூடும்.

1877இல் கழகத்தின் பெயரிலேயே டென்னிஸ் சேர்ந்துவிட்டது. அவ்வாண்டு கோடையில் முதல் டென்னிஸ் போட்டி நடைபெற்றது. புல்தரையைச் சமன்செய்யக் குதிரைக்குட்டி இழுக்கும் உருளை பழுதுபட்டிருந்தமையால் அதனைச் செப்பனிடப் பணம் திரட்டவே போட்டி நடத்தப்பட்டதாகக் கூறுவர். போட்டியிட்டவர் 22 பேர். வென்றவர் ஸ்பென்சர் கோர். போட்டிக்கென வகுக்கப்பட்ட விதிகளில் மணற்கடிகை வடிவம் கைவிடப்பட்டு, 78 அடி நீளமுள்ள நீள்சதுரம் நிலைபெற்றது. இன்று புனிதமானதெனக் கருதப்படும் டென்னிஸ் களத்தின் நீளம், ஒண்ட வந்த ஆட்டத்திற்கு அவசரமாகக் கிழித்த கோட்டினால் வந்தது. ஐந்தாண்டுகளில், அதாவது 1882இல், வீட்டுக்காரனாகிய குரோக்கேயின் பெயரே பலகையிலிருந்து நீக்கப்பட்டது. 1899இல் பழைய நினைவுக்காக அப்பெயரை மீண்டும் சேர்த்தனர். இம்முறை இரண்டாம் இடத்தில். ஒண்ட வந்த பிடாரி ஊர்ப் பிடாரியை விரட்டிய கதை நம் பழமொழியில் மட்டுமன்று, விம்பிள்டனிலும் உண்டு.

இந்த வரலாற்றை எடுத்துக்காட்டுவது டென்னிஸ் ஆடுவோரை எள்ளுவதற்கன்று. அவர்களின் அச்சம் எங்கிருந்து பிறக்கிறது என்பதை இது விளக்குகிறது. புதிய ஆட்டம் ஒரு தரையைக் கேட்டு வந்து, ஏழாண்டுகளில் முழு வீட்டையும் பெற முடியும் என்பதற்கு அவர்களின் ஆட்டமே சான்று.

டென்னிஸ் மலாயாவுக்கு வந்தபோது வெள்ளையரின் கழகங்களோடு வந்தது. 1884இல் கோலாலம்பூரில் சிலாங்கூர் கழகம் தொடங்கப்பட்டது. அதன் முன்னிருந்த பாடாங் எனும் திடலில் கிரிக்கெட்டும் பிற ஆட்டங்களும் நடந்தன. அக்கழகத்தின் தொடக்க உறுப்பினருள் தமிழர் ஒருவர் இருந்தார் என்பது நினைக்கத்தக்கது, அவர் கா. தம்புசாமிப் பிள்ளை. ஆயினும் அவரைப் போன்ற செல்வர்க்குத் திறந்த கதவு மற்றத் தமிழர்க்குத் திறக்கவில்லை. 1890இல் எழுந்த ஏரிக் கழகமோ வெள்ளையர்க்கே உரியதாய் இருந்தது. இதற்கு மறுமொழி போல, இரயில்வேயிலும் அரசு அலுவலகங்களிலும் எழுத்தராய்ப் பணியாற்றிய இலங்கைத் தமிழர்கள் 1914இல் தமிழர் உடற்பயிற்சிச் சங்கத்தை நிறுவினர். பிறர் திடலில் இடங்கேட்டு நிற்பதைவிடத் தமக்கெனத் திடல் தேடிக்கொள்வதே அவர்கள் கண்ட வழி. அவ்வழி எழுதப் படிக்கத் தெரிந்த, மாதச் சம்பளம் வாங்கிய சிறு கூட்டத்தாருக்கே கைகூடிற்று.

பால்மரக் காட்டில் வாழ்ந்த பெருங்கூட்டத்தாரின் நிலை வேறு. பெரிய தோட்டங்களில் துரையின் பங்களாவை ஒட்டியோ, துரைமார் மன்றத்தை ஒட்டியோ டென்னிஸ் களம் இருந்தது. அதன் புல்லை வெட்டியதும், சுண்ணாம்புக் கோடு இட்டதும், ஓரத்தில் நின்று பந்து பொறுக்கிக் கொடுத்ததும் நம்மவர் கைகளே. ஒரு களத்தில் கோடு கிழிப்பவனுக்கும் அக்களத்தில் ஆடுபவனுக்கும் இடையே எத்துணைத் தொலைவு இருந்தது என்பதற்கு இதனினும் சிறந்த எடுத்துக்காட்டுத் தேடவேண்டியதில்லை. தொழிலாளர்க்கென இருந்தது லயத்துக்கு அப்பால் கிடந்த பந்துத் திடல். மாலையில் காற்பந்து, திருவிழாக் காலத்தில் கூத்து, கூலி உயர்வு கேட்கும் நாளில் கூட்டம் என எல்லாவற்றிற்கும் அத்திடலே இடந்தந்தது. நேரம் மாறும்போது திடலின் பயன் மாறியது.

பூப்பந்தின் கதையை இங்கே சேர்க்காமல் மேற்செல்ல இயலாது. இந்தியாவில் பூனா நகரின் ஆங்கிலப் படையினர் 1870களில் அதற்கு விதி வகுத்தனர். அதற்கு முன்பே தஞ்சைப் பகுதியில் கம்பளி நூற்பந்தைக் கொண்டு அதனையொத்த ஆட்டம் ஆடப்பட்டு வந்தது. காற்று வலுத்த நாளில் இறகுப் பந்தை விடுத்துக் கம்பளிப் பந்தை எடுத்துக்கொண்டனர் என்பர். களம் ஒன்று, காற்றுக்கேற்பப் பந்து மாறியது. தமிழகத்தில் பூப்பந்தாட்டம் என்றால் இன்றும் அக்கம்பளிப் பந்தாட்டமே. மலேசியத் தமிழராகிய நாம் இறகுப் பந்தையே பூப்பந்து என்கிறோம். கடலுக்கு இக்கரையில் சொல் இடம் மாறிவிட்டது! அந்த இறகுப் பந்தில் நம் நாட்டுக்குப் புகழ் தேடியவருள் பஞ்ச் குணாளன் தலையாயவர். 1971இல் இங் பூன் பீயுடன் அனைத்து இங்கிலாந்து இரட்டையர் பட்டத்தை வென்றவர் அவர். பூப்பந்துக்குப் பெருநிலம் வேண்டா, புல் வேண்டா, உருளை வேண்டா. இரு கம்பங்களும் ஒரு வலையும் இருந்தால் லயத்து முற்றமும் களமாகும். டென்னிஸ் நம் மக்களுக்கு எட்டாமல் நின்றதற்கும் பூப்பந்து எட்டியதற்கும் நிலத்தின் அளவே முதற் காரணம் என்பது என் கருத்து.

இனிப் பிக்கல்பாலுக்கு வருவோம். அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் பெயின்பிரிட்ஜ் என்னும் தீவில் 1965ஆம் ஆண்டுக் கோடையில் இது பிறந்தது. பின்னாளில் அமெரிக்கக் காங்கிரசு உறுப்பினரான ஜோயல் பிரிச்சர்டு என்பார் வீட்டில் பழைய பூப்பந்துக் களமொன்று இருந்தது. இறகுப் பந்தும் மட்டைகளும் கைக்குக் கிட்டவில்லை. அவரும் நண்பர் பில் பெல்லும் மேசைப்பந்து மட்டையையும் துளையிட்ட ஞெகிழிப் பந்தையும் எடுத்துப் பிள்ளைகளின் பொழுதுபோக்குக்காக ஆடத் தொடங்கினர். வலையைப் படிப்படியாகத் தாழ்த்தினர். விரைவில் பார்னி மெக்கல்லம் என்னும் மூன்றாமவரும் சேர, விதிகள் உருவாயின. எஞ்சிய பொருளைக் கொண்டு ஆக்கிய ஆட்டம் என்பதனால் இதனை இழித்துரைப்பார் உளர். எஞ்சிய சோற்றில் பழையது பிறந்தது போல, உலகத்தின் நல்ல பல பொருள்கள் இவ்வாறே பிறந்தன.

முதற் பல ஆண்டுகள் இவ்வாட்டம் அப்பகுதியைத் தாண்டி அதிகம் அறியப்படவில்லை. இதனை நாடெங்கும் எடுத்துச் சென்றவருள் முதன்மையானவர் முதியோர். 1960ஆம் ஆண்டு முதல் நாளன்று அரிசோனா மாநிலப் பாலை நிலத்தில் சன் சிட்டி என்னும் ஓய்வு பெற்றோர் குடியிருப்புத் திறக்கப்பட்டது. பிள்ளைகளோடு ஒட்டி வாழாமல், ஒத்த வயதினர் கூடி, விளையாட்டும் பொழுதுபோக்குமாய் முதுமையைக் கழிக்கும் அவ்வாழ்க்கை முறை அரிசோனாவிலும் புளோரிடாவிலும் நகரங்களாகவே பெருகிற்று. நமக்கு இது விந்தையாய்த் தோன்றலாம். அந்நகரங்களில் டென்னிஸ் களங்கள் நிறைய அமைந்தன. அங்குக் குடியேறியவர்க்கு ஆண்டுகள் ஏறஏற, 78 அடிக் களத்தில் ஓடுவதற்கு முழங்கால் இசையவில்லை. 44 அடிக் களமும், தோளுக்கு மேல் கையை ஓங்காமல் கீழிருந்து அடிக்கும் தொடக்க அடியும், வலைக்கு இருபுறமும் 7 அடிக்குள் நின்று பந்தை நிலம் படுமுன் அடிக்கலாகாது என்னும் விதியும் அவர்களுக்கு வாய்ப்பாயின. 2009இல் அமெரிக்காவின் தேசியப் போட்டி அரிசோனாவில் நடந்தபோது ஏறத்தாழ 400 பேர் கூடினர்.

அங்கேதான் வழக்கும் தொடங்கியது. ஓய்ந்த டென்னிஸ் களத்தில் சுண்ணக்கட்டியால் கோடிட்டு, தள்ளுவண்டி வலை வைத்துக் காலையில் சிலர் ஆடினர். சிலர் பலராயினர். கோட்டுக்கு நிரந்தரச் சாயம் கேட்டனர். டென்னிஸ் ஆடுவோர்க்கு வேறு நிறக் கோடுகள் கண்ணைக் குழப்பின. பின்னர் மணிநேரப் பங்கீடு வந்தது; அதன்பின் களத்தையே பிரித்துக் கொடுக்கும் கோரிக்கை வந்தது. கணக்கு இதற்குத் துணை நின்றது. ஓடுமிடத்தையும் சேர்த்து டென்னிஸ் களத்திற்கு 120 அடிக்கு 60 அடி வேண்டும்; பிக்கல்பாலுக்கு 60 அடிக்கு 30 அடி போதும். முன்னதனுள் பின்னது சரியாக நான்கு அடங்கும். இரட்டையர் ஆட்டத்தில் முன்னதில் நால்வர், பின்னதில் பதினாறு பேர். பொது நிலத்தை ஆள்கின்ற எந்த மன்றத்தாரும் இக்கணக்கைக் காணாது கடந்து செல்ல இயலாது.

ஆனால் எண்ணிக்கை ஒன்றே நீதியாகாது. நான்கு சிறுகளமாக வெட்டிய இடத்தை மறுபடியும் ஒரு பெருங்களமாக ஆக்கியவர் அரியர். ஆதலின் டென்னிஸ் ஆடுவோரின் முறையீட்டில் நியாயம் உண்டு. அன்றியும், இருவர் வழக்கில் மூன்றாமவர் ஒருவரும் உளர். அவர் ஆடாதவர், வேலிக்கு அப்பால் வீட்டில் இருப்பவர். டென்னிஸ் மட்டையின் நரம்பு பந்தைத் தாங்கி விடும். அதன் ஓசை மந்தமானது. பிக்கல்பாலின் கெட்டி மட்டையும் கெட்டிப் பந்தும் மோதும் ஓசை உச்சமானது, குறுகியது, ஓயாதது. 2024, 2025ஆம் ஆண்டுகளில் கிள்ளான் பள்ளத்தாக்கின் குடியிருப்புகளிலிருந்து எழுந்த முறையீடுகளுள் பல இவ்வோசையைப் பற்றியனவே. வீட்டு வரிசைக்கு நடுவே இரவு பத்து மணிக்கும் களத்தை நடத்தும் வணிகர்க்காக வழக்காட எனக்கு மனமில்லை.

இத்தனையும் நிலம் உடையார்க்கிடையே நிகழும் வழக்கு. கம்போங் மேடானின் நிலை அதுவன்று.

பெட்டாலிங் ஜெயா நகரம் 1950களின் தொடக்கத்தில், கோலாலம்பூரின் நெருக்கடியைத் தணிக்க, எஃபிங்ஹாம் என்னும் ரப்பர்த் தோட்டத்தின் மேல் எழுப்பப்பட்டது. நகரம் வளர்ந்து 2006இல் மாநகரமாயிற்று. அதே காலத்தில் நாடெங்கும் தோட்டங்கள் துண்டாடப்பட்டன. அதற்கு மாற்றாகத் துன் வீ. தி. சம்பந்தன் 1960இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தோற்றுவித்துத் தோட்டங்களை வாங்கச் செய்ததை நாம் அறிவோம். அச்சங்கம் காத்தவை சில, கைநழுவியவை பல. வேலையும் லயத்து வீடும் ஒருங்கே இழந்தவர்கள் நகரின் ஓரங்களில் புறம்போக்கு நிலத்தில் பலகை வீடு கட்டினர். புதிய பொருளாதாரக் கொள்கைக் காலத்தில் ஆலை வேலை தேடிக் கிராமங்களிலிருந்து வந்த மலாய்க்காரரும், பின்னர் இந்தோனேசியரும் அவ்வாறே பழைய கிள்ளான் சாலையோரத்தில் குடியேறினர். கம்போங் மேடானும் கம்போங் காந்தியும் அவற்றை அடுத்த சிற்றூர்களும் இவ்வாறு நிறைந்தன. தோட்டத்தை விட்டபோது வேலையோடும் வீட்டோடும் நம்மவர் இழந்த மூன்றாவது பொருள் பந்துத் திடல். அதற்கு இழப்பீடு கேட்டவர் எவரும் இலர்.

2001 மார்ச் மாதத்தில் அங்கு நிகழ்ந்ததை இக்கட்டுரையில் தவிர்ப்பது நேர்மையாகாது. மலாய்க்காரர் வீட்டுத் திருமணப் பந்தலும் இந்தியர் வீட்டுச் சாவும் குறுகிய இடத்தில் ஒருசேர நேர்ந்தபோது எழுந்த சச்சரவே தொடக்கம் என்று அப்போது கூறப்பட்டது. தொடர்ந்த நாள்களில் அறுவர் உயிரிழந்தனர். அவருள் ஐவர் இந்தியர். காயமுற்றோர் பலர். வறுமை, வேலையின்மை, கும்பல்கள், வதந்தி எனக் காரணங்கள் ஆராயப்பட்டன; அவை யாவும் மெய்யே. ஆயினும் பந்தலுக்கும் பாடைக்கும் போதிய இடம் இருந்த ஊரில் அச்சச்சரவு எழுந்திருக்குமா என்று எண்ணாமல் இருக்க முடிவதில்லை. இடத்தைப் பங்கிடுவது சிலர்க்குப் பொழுதுபோக்கின் சிக்கல். அங்கு அது உயிரின் சிக்கலாய் இருந்தது.

பலகை வீடுகள் நீங்கி அடுக்குமாடிகள் வந்தன. அவற்றில் குடிபுகுந்தோர் இன்று முதியோராகி வருகின்றனர். சேமநிதி 1951 முதல் நம் நாட்டில் இருந்தாலும், குறைந்த கூலிக்கும் ஒப்பந்த வேலைக்கும் உழைத்தவரின் கணக்கில் மிஞ்சியது மிகுதியன்று. அரிசோனாவின் முதியோர் பணம் கொடுத்து ஓய்வூரைத் தேர்ந்து போயினர். இவர்களுக்கோ ஏறி வந்த மாடியே ஓய்வூர். சர்க்கரை நோய்க்கு நடக்கச் சொல்லும் மருத்துவரின் சொல்லை நிறைவேற்ற அவர்கள் வாகன நிறுத்துமிடத்தில் வண்டிகளுக்கிடையே நடக்கின்றனர். டென்னிஸ் களத்தைப் பங்கிடுவது பற்றிய பேச்சு இங்கு எழ வழியில்லை. இத்தகைய அடுக்குமாடிகளில் பெரும்பாலும் இருப்பது ஒரு பல்நோக்குக் களம். மாலைமுதல் இரவுவரை அது இளைஞர்க்குரியது. அவ்விளைஞரை அங்கிருந்து விலக்குவதை நான் ஒப்பேன். அவர்களுக்கும் வேறு இடம் இல்லை. காலை ஏழு முதல் பத்து வரை, பிள்ளைகள் பள்ளியிலும் மற்றவர் வேலையிலும் இருக்கும் பொழுதில், அக்களம் பெரும்பாலும் வெறுமையாய்க் கிடக்கிறது. தோட்டத்துத் திடலில் நேரத்துக்கேற்பப் பயன் மாறிய முறையை முதியவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். குடியிருப்போர் செயற்குழுவும் ருக்குன் தெத்தாங்காவும் கூடி ஒரு நேர அட்டவணையைச் சுவரில் ஒட்டினால் போதும். மானியம் கேட்டு எவர் அலுவலகத்திலும் காத்திருக்க வேண்டியதில்லை.

அக்களத்தின் தரையைப் பற்றி ஒரு செய்தி. 1945இல் பினாங்கில் செப்பாக் ராகா ஆடியோர், வட்டமாய் நின்று ஆடும் பழைய முறையை விட்டு, பூப்பந்துக் களத்தில் வலைக்கு இருபுறமும் நின்று பிரம்புப் பந்தை உதைக்கத் தொடங்கினர். மலாய்க்காரர் ராகா என்றதைத் தாய்லாந்தினர் தாக்ராவ் என்றனர். இரு நாட்டாரும் விட்டுக்கொடாமல், மலாய்ச் சொல்லொன்றும் தாய்ச் சொல்லொன்றுமாய் இணைத்து செப்பாக் தாக்ராவ் என்று பெயர் வைத்தனர். கோலாலம்பூரில் நடைபெற்ற தென்கிழக்காசியத் தீபகற்ப விளையாட்டுப் போட்டியில் அது இடம்பெற்றது 1965இல். பெயின்பிரிட்ஜ் தீவில் பிக்கல்பால் பிறந்த அதே ஆண்டில். அதன் களமும் பூப்பந்தின் இரட்டையர் களமும் பிக்கல்பாலின் களமும் ஒரே அளவின: 44 அடி நீளம், 20 அடி அகலம். முன்னிரண்டுக்கும் வலையின் உயரமும் ஏறத்தாழ ஒன்றே. பூப்பந்துக்காக முன்பே சாயமிட்ட தரையில் பிக்கல்பால் ஆட விரும்புவோர், வலையை நடுவில் 2 அடி 2 அங்குலம் தாழ்த்த வேண்டும். வலையிலிருந்து ஆறரை அடியில் உள்ள பூப்பந்துக் கோட்டுக்கு அப்பால், ஆறு அங்குலம் தள்ளி, புதிய கோடொன்று இட வேண்டும்.